செல்ஃப் லெவலிங் தரை: எத்தனை மில்லிமீட்டர் ஊற்றலாம்?

செல்ஃப் லெவலிங் என்பது, தண்ணீரில் கலந்து ஊற்றினால் தானாகப் பரவி மட்டமாக நிற்கும் தரைக் கலவை. புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மில்லிமீட்டர் ஊற்றணும்?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் கடையிலும் இல்லை, பையின் மேலும் இல்லை. பையில் "3 முதல் 20 மி.மீ. வரை" என்று அச்சிட்டிருந்தால், அந்தக் கலவையை எந்தக் கனத்துக்குள் ஊற்றலாம் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. உங்கள் தரைக்கு எவ்வளவு வேண்டும் என்பது தரையை அளந்தால்தான் தெரியும். முதலில் அளங்கள், அப்புறம் வாங்குங்கள். பைகளை இறக்கிவைத்துவிட்டு அளக்கத் தொடங்கினால், கையிலிருக்கும் கலவைக்கு ஏற்றபடி தரையை நினைத்துக்கொள்ளத் தோன்றும். வேலை கெட ஆரம்பிப்பது அங்கேதான்.

கனம் என்பது ஒரே எண் அல்ல. ஊற்றியபின் மேற்பரப்பு மட்டமாக நிற்கும். அடியில் பழைய தரை மேடும் பள்ளமுமாகவே இருக்கும். ஆகவே மேட்டின் மேல் கலவை மெல்லியதாகவும் பள்ளத்தில் கெட்டியாகவும் உட்காரும். தரையின் மிக உயர்ந்த புள்ளியில் கிடைக்கும் கனம், பையில் சொன்ன குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. மிகத் தாழ்ந்த புள்ளியில் கிடைக்கும் கனம், அதிகபட்சத்தைத் தாண்டக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். "சராசரியாக 5 மி.மீ. போதும்" என்று ஊற்றினால் மேட்டில் 1 மி.மீ. கூட நிற்காத இடங்கள் வரும். முதலில் உரியத் தொடங்குவதும் அந்த இடங்கள்தான்.

எந்தக் கலவையைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்கள் புழங்குகின்றன. ஒன்று, பையில் வரும் மெல்லிய சமன்படுத்தும் கலவை. பெரும்பாலும் சிமெண்ட் வகை. இருக்கிற தரையின் மேல் 2 அல்லது 3 மி.மீ. தொடங்கி 10, 20 மி.மீ. வரை ஊற்றுவது. சில கலவைகள் 50 மி.மீ. வரை போகும். இன்னொன்று, பம்ப் வைத்து ஊற்றும் கனமான ஸ்கிரீட், அதாவது அடித்தளத்தின் மேல் போடும் தரை அடுக்கு. தரையையே புதிதாக உருவாக்குவது இது. இதில் அன்ஹைட்ரைட் எனப்படும் கால்சியம் சல்பேட் வகை மிகப் பரவலானது. இஎன் 13813 என்ற ஐரோப்பியத் தரத்தைப் பின்பற்றும் பைகளில் சிமெண்ட் வகைக்கு சிடி என்றும் கால்சியம் சல்பேட் வகைக்கு சிஏ என்றும் குறியீடு இருக்கும். அதோடு சி25, எஃப்6 என்பதுபோல வந்தால், அழுத்தத்தை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன், வளைவை 6 நியூட்டன் தாங்கும் என்று பொருள்.

மெல்லிய கலவையின் விதியைக் கனமான ஸ்கிரீட்டுக்குப் போடாதீர்கள். அதன் விதியை இதற்கும் போடாதீர்கள். 3 மி.மீ.க்காகச் செய்த கலவையை 40 மி.மீ. ஊற்றினால் விரிசல் விடும். 35 மி.மீ. வேண்டிய ஸ்கிரீட்டை 15 மி.மீ. ஊற்றினால் அடியில் இருக்கும் வெப்பத் தடுப்புப் பலகையின் மேலேயே உடையும்.

தரையை அளப்பது

லேசர் லெவல் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டமும் துல்லியமாகவே காட்டும். நேரம்தான் கூட ஆகும். தரையைப் பெருக்கி, 1 மீட்டர் இடைவெளியில் சாக்பீஸால் கட்டங்கள் போடுங்கள். லேசர் கோட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளந்து, அந்தப் புள்ளியின் அருகிலேயே தரையில் எழுதிவிடுங்கள். எண் பெரிதாக இருந்தால் அது பள்ளம், சிறிதாக இருந்தால் மேடு. முதல் முறை செய்கிறவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிடுவது உண்டு. அதனால் மிகச் சிறிய எண்ணைச் சிவப்பு வட்டத்துக்குள் எழுதிவிடுங்கள். கதவு நிலைகள், சுவர் ஓரங்கள், இரண்டு தளங்கள் சேரும் இடங்கள் ஆகியவற்றில் கட்டத்துக்கு வெளியேயும் அளக்க வேண்டும். மேடுகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒரு கணக்கு பார்ப்போம். 5 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, 20 சதுர மீட்டர். மிகச் சிறிய அளவு 1002 மி.மீ., மிகப் பெரியது 1014 மி.மீ., எல்லாப் புள்ளிகளின் சராசரி 1007 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கலவையின் குறைந்தபட்சம் 3 மி.மீ. என்றால், மேட்டுக்கு மேலே 3 மி.மீ. விட்டுப் புதிய மேற்பரப்பு 999-ல் நிற்கும். பள்ளத்தில் கனம் 1014-லிருந்து 999-ஐக் கழித்தால் 15 மி.மீ. சராசரிக் கனம் 8 மி.மீ. ஆக, 10 மி.மீ.யோடு நின்றுவிடும் கலவை இந்த அறைக்கு ஆகாது. 15-ஐத் தாண்டும் கலவை வேண்டும்.

இனி பொருள் கணக்கு. மெல்லிய சிமெண்ட் கலவைகள் பலவற்றில், ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. கனத்துக்கு 1.5 முதல் 1.8 கிலோ வரை தூள் போகும். சரியான எண் பையிலேயே இருக்கும். 1.7 என்று வைத்தால், 20 × 8 × 1.7 = 272 கிலோ. சொரசொரப்பான தரை கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், வாளியில் ஒட்டி வீணாவதும் உண்டு. பத்து சதவீதம் சேர்த்தால் கிட்டத்தட்ட 300 கிலோ, அதாவது 25 கிலோ பை 12.

ஊற்றுவதற்கு முன் மேட்டைத் தேயுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. இதில்தான் பணமும் மிச்சம், தரமும் மிச்சம். மேலே சொன்ன அறையில் 1002 என்பது ஒரே ஒரு இடத்தில் இருக்கும் புடைப்பு என்றும், மற்ற எல்லாப் புள்ளிகளும் 1005 அல்லது அதற்கு மேல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு புடைப்புக்காக அறை முழுவதையும் 3 மி.மீ. உயர்த்துகிறோம்! வைரத் தகடு போட்ட கிரைண்டரால் அதை 3 மி.மீ. தேய்த்துவிட்டால் புதிய மேற்பரப்பு 1002-ல் நிற்கும். பள்ளத்தில் கனம் 12 மி.மீ., சராசரி 5 மி.மீ. தூள் 20 × 5 × 1.7 = 170 கிலோ, பத்து சதவீதம் சேர்த்து 187. எட்டுப் பைகளில் வேலை முடிந்துவிடும். ஒரு புடைப்பைத் தேய்த்ததில் நான்கு பை மிச்சம், கதவடியில் 3 மி.மீ. உயரமும் மிச்சம்.

தேய்க்கும்போது கிளம்பும் கான்கிரீட் தூளில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்கு அது நிரந்தரக் கேடு. தூசியை உறிஞ்சும் கருவி பொருத்திய கிரைண்டரும், முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் நல்ல வடிகட்டி முகமூடியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

பள்ளம் ஒரு மூலையில் மட்டும் ஆழமாக இருந்தால் எதிர்ப்பக்கமாக யோசியுங்கள். அந்த மூலையை முதலில் பழுதுபார்க்கும் கலவையால் நிரப்பி, அது இறுகியபின் அறை முழுக்க மெல்லிய அடுக்கு ஊற்றலாம். கனத்தின் வித்தியாசம் குறையக் குறைய, காய்வதும் சுருங்குவதும் தரை முழுக்க ஒரேபோல நடக்கும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த அறை உண்மையிலேயே நீர்மட்டமாக இருக்க வேண்டுமா, சமமாக இருந்தால் போதுமா? ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரே சீராக 20 மி.மீ. சாய்ந்திருக்கும் தரையில் டைல்ஸும் வினைலும் எந்தக் குறையுமில்லாமல் உட்காரும். 2 மீட்டர் நேர்க்கட்டையை வைத்து அடியில் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். பிரிட்டனின் பிஎஸ் 8204 தரம் இதைத்தான் மூன்று படிகளாக வைத்திருக்கிறது: 3 மி.மீ., 5 மி.மீ., 10 மி.மீ. மெல்லிய வினைலுக்கும் பெரிய அளவு டைல்ஸுக்கும் 3 மி.மீ. படியை இலக்காக வைப்பது நல்லது. சாய்வு கண்ணுக்கு உறுத்தாவிட்டால், அதைத் திருத்துவதற்காக ஒரு மூலையில் 20 மி.மீ. கொட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்ணீர் வடிய வாட்டம் வேண்டிய இடத்தில் இந்தக் கலவையே வேண்டாம். குளியலறைத் தரையில் ஊற்றினால் வடிகால் நோக்கிய வாட்டத்தை அது அழித்து மட்டமாக்கிவிடும். அங்கே கைப்பட மட்டம் பிடித்துப் போடும் சிமெண்ட் மணல் ஸ்கிரீட்தான் சரி.

குறைந்தபட்சமும் அதிகபட்சமும் ஏன்?

மெல்லியதாக ஊற்றினால் முதலில் கெடுவது ஓட்டம். கலவை தன் எடையால்தான் பரவுகிறது. 1 மி.மீ. அடுக்கில் தரையின் சொரசொரப்பே அதைப் பிடித்து நிறுத்திவிடும். அடுத்தது தண்ணீர். அடித்தளமும் காற்றும் சேர்ந்து, சிமெண்ட் இறுகுவதற்கு முன்பே ஈரத்தை உறிஞ்சிவிட்டால், மேற்பரப்பு நகத்தால் சுரண்டினாலே தூளாக உதிரும்.

அதிகமாக ஊற்றினால் வேறு தொல்லை. சிமெண்ட் காயும்போது சுருங்கும். அடுக்கு கனமாக இருந்தால் அந்தச் சுருக்கத்தின் இழுவிசையும் அதிகம். அடித்தளத்தோடு உள்ள பிடிப்பை அது மிஞ்சினால் ஓரங்கள் மேலே வளையும், நடுவில் வெடிக்கும். நுண்மணல் கீழே தங்கி, வலுவில்லாத சிமெண்ட் பால் மேலே மிதப்பதும் கனமான அடுக்குகளில்தான் எளிதாக நடக்கிறது. சில கலவைகளில் பொடி ஜல்லி சேர்த்து அதிகபட்சத்தை உயர்த்தலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். எந்த அளவு ஜல்லி, எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். அப்படிச் சொல்லாத கலவையில் நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

எடையையும் பாருங்கள். ஸ்கிரீட் ஒரு கன மீட்டர் 2000 முதல் 2200 கிலோ வரை இருக்கும். 10 மி.மீ. கனத்துக்கே சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல். 50 மி.மீ. என்றால் 100 முதல் 110 கிலோ. நேரடியாக மண்மேல் போட்ட தளத்தில் கவலையில்லை. மேல்மாடித் தளத்திலும் மரத் தளத்திலும் இந்தக் கூடுதல் எடையைத் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரிடம் கேட்காமல் கனமான ஸ்கிரீட்டுக்குப் போகக் கூடாது.

அடியில் என்ன இருக்கிறது?

கனத்தைத் தீர்மானிப்பதில் அளவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். கலவை அடித்தளத்தோடு ஒட்டிக்கொண்டால் இரண்டும் சேர்ந்து எடையைத் தாங்கும். மெல்லியதாக இருந்தாலும் போதும். நடுவில் பாலிதீன் விரிப்போ வெப்பத் தடுப்புப் பலகையோ வந்தால், ஸ்கிரீட் தனியாக நின்று எடையைச் சுமக்க வேண்டும். அப்போது கனம் கூட வேண்டும்.

பிஎஸ் 8204 சொல்லும் எண்களைப் பார்த்தால் இது புரியும். கால்சியம் சல்பேட் ஸ்கிரீட் அடித்தளத்தோடு ஒட்டியிருந்தால் குறைந்தது 25 மி.மீ., பாலிதீன் விரிப்பின் மேல் 30, வெப்பத் தடுப்புப் பலகையின் மேல் வீடுகளில் 35, மற்றக் கட்டடங்களில் 40. வழக்கமான சிமெண்ட் மணல் ஸ்கிரீட் என்றால் ஒட்டியதற்கு 25, விரிப்பின் மேல் 50, பலகையின் மேல் வீடுகளில் 65, மற்ற இடங்களில் 75. இவை மேட்டின் மேல் இருக்க வேண்டிய குறைந்தபட்சம். சராசரி அல்ல!

கான்கிரீட்டின் மேல் மெல்லிய கலவை ஊற்றுவதாக இருந்தால், அந்தக் கான்கிரீட் வலுவாகவும் தூசி இல்லாமலும் இருந்தால் போதும். பழைய டைல்ஸ் என்றால் சுத்தியலின் கைப்பிடியால் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலச் சத்தம் வந்தால் அதைப் பெயர்த்துவிட்டு, குழியை நிரப்புங்கள். மரத் தளம் அசையும் என்பதால், ஒட்டுப்பலகையை நெருக்கமாகத் திருகி இறுக்கியபின், நார் கலந்த, மரத்துக்கென்றே சொல்லப்பட்ட கலவையைத்தான் ஊற்ற வேண்டும். அதற்கான குறைந்தபட்சக் கனம் கான்கிரீட்டுக்குச் சொன்னதைவிடக் கூடுதலாக இருக்கலாம்; பையில் தனியாகத் தேடுங்கள்.

தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அரை மீட்டர் சதுரப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி நின்றாலோ கான்கிரீட் கறுத்தாலோ ஈரம் இருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் ஈரமே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஈரமானி வைத்தும் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் ஊற்றினாலும் செல்ஃப் லெவலிங் கலவை ஈரத்தைத் தடுக்காது. அதற்குத் தனித் தடுப்பு அடுக்கு வேண்டும்.

சூடேற்றும் தரை

தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் போகிறதென்றால், கனத்தைக் குழாயின் தலையிலிருந்து எண்ணுங்கள். கால்சியம் சல்பேட் ஸ்கிரீட்டில் குழாய்க்கு மேல் குறைந்தது 30 மி.மீ. என்பது வழக்கமான கணக்கு. 16 மி.மீ. குழாய் என்றால் மொத்தம் 46. நடைமுறையில் 50 ஊற்றுவார்கள். கூட ஊற்றினால் தரை சூடேற அதிக நேரம் எடுக்கும், ஆறவும் அதிக நேரம் எடுக்கும். குழாய்கள் மிதந்து மேலே வராமல் நெருக்கமாகக் கிளிப் அடித்து, உள்ளே தண்ணீர் நிரப்பி அழுத்தம் பார்த்தபின்தான் ஊற்ற வேண்டும்.

மின்கேபிள் வலை மெல்லியது. அதன்மேல் வேண்டிய கனத்தைக் கேபிள் தயாரிப்பாளரின் தாளும் கலவைத் தயாரிப்பாளரின் தாளும் தனித்தனியாகச் சொல்லும். இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே வரப்போவதையும் சேர்த்துக் கூட்டுங்கள்

கலவை 8 மி.மீ., டைல் ஒட்டும் பசை 4 மி.மீ., டைல் 8 மி.மீ. என்றால் தரை 20 மி.மீ. உயர்கிறது. கதவு திறக்குமா? பக்கத்து அறையோடு படி தட்டுமா? இதைப் பென்சிலால் கதவு நிலையில் கோடு போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. உயரம் போதாது என்றால் மேட்டை இன்னும் தேய்ப்பதா, கதவை அறுப்பதா என்று இப்போதே முடிவாகட்டும். கலவையைக் குறைந்தபட்சத்துக்குக் கீழே இறக்குவது அதற்கு வழியல்ல.

வினைல் போன்ற மெல்லிய விரிப்பு அடியிலுள்ள ஒவ்வொரு கீறலையும் வெளியே காட்டும். பசையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளவும் அடியில் போதுமான அடுக்கு வேண்டும். அங்கே 3 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். ஒட்டிப் பதிக்கும் மரத் தரை, ஈரம் ஏறி இறங்கும்போது கலவையை இழுக்கும். ஆகவே அங்கே வலு அதிகமுள்ள வகையாகத் தேர்ந்தெடுங்கள். சின்ன டைல்ஸுக்கு அந்த அளவு கண்டிப்பு தேவையில்லை. சின்ன வித்தியாசங்களைப் பசையே சரிசெய்துவிடும்.

தீர்மானித்த கனம் தரையில் நிற்க

முதலில் பிரைமர், அதாவது கலவை ஊற்றும் முன் அடித்தளத்தில் பூசும் திரவம். உறிஞ்சும் கான்கிரீட்டுக்கு ஒரு வகை, டைல்ஸ் போன்ற உறிஞ்சாத பரப்புக்கு மணல் கலந்த வேறு வகை. பிரைமர் இல்லாமல் ஊற்றினால், கான்கிரீட்டின் துளைகளிலிருந்து காற்று கிளம்பி மேற்பரப்பெங்கும் ஊசித்துளைகளாக நிற்கும். அடித்தளம் கால்சியம் சல்பேட் ஸ்கிரீட்டாக இருந்து, மேலே சிமெண்ட் கலவை வந்தால் பிரைமர் இன்னும் அவசியம். இரண்டும் ஈரத்தோடு நேரடியாகத் தொட்டால் வேதிவினை நடந்து, நாளடைவில் அடுக்கு பிரிந்துவிடும்.

சுவரோரம் முழுக்க நுரைப்பட்டை ஒட்டுங்கள். கதவு வாசலில் கட்டை வைத்து அடைத்து, இடுக்குகளை மூடுங்கள். கான்கிரீட்டில் விரிவு இணைப்பு (விரிந்து சுருங்க விட்ட இடைவெளி) இருந்தால் அதே இடத்தில் மேலேயும் இணைப்பு விட வேண்டும். மூடி ஊற்றினால் அதே கோட்டில் விரிசல் வரும்.

அளந்த புள்ளிகளில் ஒட்டும் குறியூசிகளை நிறுத்தி, ஊற்ற வேண்டிய உயரத்தில் வெட்டிவிடுங்கள். கலவை அந்த நுனியைத் தொடும்போது அளவு வந்துவிட்டது என்று தெரியும். "தானாகப் பரவும்" என்றாலும் முழுக்க நம்பாதீர்கள். கனத்துக்கேற்ப உயரம் வைத்த பல்வாரியால் இழுத்துவிட்டால்தான் பள்ளங்களுக்குச் சரியாகப் போய்ச் சேரும். அப்புறம் முள் உருளையை ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள்.

தண்ணீரை அளவுக் குவளையால் அளந்துதான் ஊற்ற வேண்டும். நன்றாக ஓடட்டும் என்று கூட ஊற்றிய தண்ணீர், கணக்குப் போட்டுத் தேர்ந்த கனத்தையெல்லாம் வீணாக்கிவிடும்: பால் மேலே மிதக்கும், சுருக்கம் கூடும், வலு குறையும். கலந்த கலவையை ஊற்றிப் பரப்பக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம்தான். ஒருவர் கலக்க, ஒருவர் ஊற்ற என்று குறைந்தது இரண்டு பேர் வேண்டும். முந்தின வாளியின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்தது சேர வேண்டும்.

ஒரே தடவையில் முடியாத கனம் என்றால் இரண்டு அடுக்காகப் போடலாம். முதல் அடுக்கு இறுகியபின் மறுபடி பிரைமர் அடித்து இரண்டாவதை ஊற்றுங்கள். மேலே வரும் அடுக்கு கீழே உள்ளதைவிடக் கனமாக இருக்கக் கூடாது. சுருங்கும்போது கீழ் அடுக்கையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

கனத்துக்கேற்ற காத்திருப்பு

மெல்லிய கலவைகள் பலவற்றில் சில மணி நேரத்தில் நடக்கலாம். ஒன்று முதல் மூன்று நாளில் மேலே வேலை தொடங்கலாம். கனமான ஸ்கிரீட் அப்படியல்ல. கால்சியம் சல்பேட் வகை, நல்ல காற்றோட்டத்தில், முதல் 40 மி.மீ. வரை நாளுக்கு 1 மி.மீ. காயும், அதற்கு மேல் நாளுக்கு அரை மி.மீ.தான். 50 மி.மீ. என்றால் 40 நாளும் 20 நாளும் சேர்ந்து 60 நாள். கடைசி 10 மி.மீ. மட்டுமே 20 நாளைத் தின்கிறது. தேவையில்லாமல் கனத்தைக் கூட்டினால் நாள் கணக்கில் இதுதான் விலை.

நாள் கணக்கு ஓர் அனுமானம் மட்டுமே. தரை விரிப்புக்கு முன் ஈரத்தை அளந்தே ஆக வேண்டும். கார்பைடு முறையில் (பெயர்த்தெடுத்த தூளைக் கால்சியம் கார்பைடோடு குலுக்கி, எழும் வாயுவின் அழுத்தத்தால் ஈரத்தை அளப்பது) பார்த்தால் சிமெண்ட் ஸ்கிரீட்டுக்கு 2 சதவீதம், கால்சியம் சல்பேட்டுக்கு 0.5 சதவீதம் என்பது பொதுவான வரம்பு. சூடேற்றும் தரையென்றால் அதைவிடக் குறைவாகக் கேட்பார்கள். அங்கே முதல் முறை சூடேற்றுவதற்கும் காத்திருக்க வேண்டும்: இஎன் 1264 தரத்தின்படி சிமெண்டுக்கு 21 நாள், கால்சியம் சல்பேட்டுக்கு 7 நாள். பிறகு 20 முதல் 25 டிகிரி வெந்நீரை மூன்று நாள் ஓடவிட்டு, அதன்பின் வடிவமைத்த உச்ச வெப்பத்தில் நான்கு நாள் வைக்க வேண்டும். அது முடிந்தபின் ஈரத்தை இன்னொரு முறை அளந்து, எண் வரம்புக்குள் வந்தால் மட்டும் டைல்ஸ் பெட்டியைத் திறங்கள்.